சிறந்த ஹிப் ஹாப் பாடல்கள் பட்டியலை வைத்து வாதிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

விமர்சகர்கள் ‘எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஹிப் ஹாப் பாடல்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டால், நாலு பேர் கூடுகிற இடத்தில் வாக்குவாதம் நிச்சயம். நானும் நண்பர்களும் சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து இதையே செய்துவருகிறோம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எண்ணைப் பார்த்த உடனே பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எண் எந்தக் கேள்விக்கு, எந்தக் கணக்கில் வந்த பதில் என்று பார்ப்பதே இல்லை.

அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். உதாரணத்துக்கு 2019இல் பிபிசி வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். அதன் விதிகள் வெளிப்படையாக இருப்பதால் பழகுவதற்கு நல்லது.

தேவையானவை

ஆளுக்கு ஒரு தாள், பேனா. ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் அல்லது அடித்தாளம் தெளிவாகக் கேட்கிற ஸ்பீக்கர். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹிப் ஹாப்பில் பாதிப் பாட்டு அந்த அடித்தாளத்தில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரம். மூன்று முதல் ஐந்து பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் குரல் பெரிதானவர் ஜெயிப்பார்.

1. பட்டியலைத் திறக்கும் முன் உங்கள் ஐந்தை எழுதுங்கள்

ஐந்தே பாடல்கள், ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக. யாரிடமும் காட்டாதீர்கள். தேதி போட்டு மடித்து வையுங்கள்.

பட்டியலைப் பார்த்த பிறகு எழுதினால் உங்கள் ஐந்து உங்களுடையதாக இருக்காது. முதலிடத்தில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டால் ஒன்று அதை ஏற்றுக்கொள்வீர்கள், இல்லையென்றால் வேண்டுமென்றே ஒதுக்குவீர்கள். இரண்டுமே அந்தப் பட்டியலுக்குச் சொல்கிற பதில்தான். இன்னொரு பயனும் உண்டு. ஐந்துக்குள் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று கை எழுதும்போதுதான் தெரியும், அடுத்த படிக்கு அந்த அனுபவம் வேண்டும்.

2. வாக்களித்த விதியைப் படியுங்கள்

பிபிசி 15 நாடுகளைச் சேர்ந்த 108 பேரைக் கேட்டது. ஒவ்வொருவரும் ஐந்து பாடல்களைத் தரவேண்டும். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 8, அப்புறம் 6, 4, 2. கூட்டிப் பார்த்தால் அதிகப் புள்ளி வாங்கிய பாட்டு முதலிடம்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர் கையில் 30 புள்ளி. 108 பேருக்கு 3,240. ஒரு பாட்டை எல்லோரும் ஆறாவதாக நினைத்திருந்தால் அதற்குப் பூஜ்யம். ஒரே கலைஞருக்குப் பத்துப் பெரிய பாடல்கள் இருந்தால், அவருடைய ரசிகர்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடுவார்கள். ‘இவர் என்றால் இந்தப் பாட்டு’ என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒற்றைப் பாட்டு உள்ளவருக்குத்தான் இந்த முறை லாபம். பிபிசி முதல் பத்தில் புகழ்பெற்ற ராப்பர் ஜே-ஸீ இல்லை. அதை வைத்து ‘விமர்சகர்களுக்கு ஜே-ஸீ பிடிக்காது’ என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்குச் சிதறியிருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை.

இது புரிய ஒரு சின்னப் பயிற்சி. ஐந்து பேர் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று பேர் ‘அ’ என்ற பாட்டை முதலிடத்தில் வைக்கிறார்கள், மற்ற இருவர் அதைச் சேர்க்கவே இல்லை. அதற்கு 30 புள்ளி. ‘ஆ’ என்ற பாட்டை ஐந்து பேரும் இரண்டாமிடத்தில் வைக்கிறார்கள். அதற்கு 40. யாருமே சிறந்தது என்று சொல்லாத பாட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது! ஆளுக்கு ஒரே வாக்கு என்றிருந்தால் ‘அ’ ஜெயித்திருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இரண்டு முறையும் நியாயமானவைதான், ஆனால் கேட்கிற கேள்வி வேறு. உங்கள் கூட்டத்தின் தாள்களையே இரண்டு முறையிலும் கூட்டிப் பாருங்கள்.

3. எண்ணிப் பாருங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்

இப்போது பட்டியலைத் திறக்கலாம். பிபிசியின் முதல் பத்து இது: நாட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘ஜூஸி’, பப்ளிக் எனிமியின் ‘ஃபைட் தி பவர்’, மாப் டீப்பின் ‘ஷுக் ஒன்ஸ், பார்ட் 2’, கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவின் ‘தி மெசேஜ்’, டாக்டர் டிரேயும் ஸ்னூப்பும் பாடிய ‘நத்தின் பட் எ ஜி தாங்’, வூ-டாங் கிளானின் ‘கிரீம்’, சோல்ஸ் ஆஃப் மிஸ்சிஃபின் ‘93 டில் இன்ஃபினிட்டி’, தி ஃபார்சைடின் ‘பாஸின் மீ பை’, நாஸின் ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’, டூபாக்கின் ‘டியர் மாமா’.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டு, ஊர், பாடியவர் ஆணா பெண்ணா என்று குறியுங்கள். பத்தில் எட்டு 1992 முதல் 1995க்குள் வந்தவை. 1995க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆறு நியூயார்க் பக்கம், நான்கு கலிஃபோர்னியா. ஹூஸ்டன், அட்லாண்டா என்று அமெரிக்காவின் தெற்கிலிருந்து ஒன்றும் இல்லை. பெண் ராப்பர் ஒருவரும் இல்லை.

இதைப் பார்த்ததும் ‘பாரபட்சம்’ என்று கத்தத் தோன்றும். எனக்கும் தோன்றியது, குறிப்பாகத் தெற்கு விஷயத்தில். ‘சோர்ஸ்’ என்ற ஹிப் ஹாப் இதழின் 1995 விருது விழாவில் நியூயார்க் கூட்டம் கூச்சல் போட்டபோது, தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று மேடையிலேயே அறிவித்தவர் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழுவைச் சேர்ந்த ஆந்த்ரே. அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ராப்பின் மையமே அட்லாண்டாவாக இருந்தது. ஆனாலும் ஒரு நிமிடம் பொறுங்கள். எண்ணிக்கை உங்களுக்குத் தருவது கேள்வி மட்டும்தான். ஐந்தே இடம் உள்ள வாக்குச்சீட்டில் எல்லோரும் பொதுவாக ஒப்புக்கொண்ட பழைய பாடல்கள் மேலே வருவது இயல்பு. புதிய பாடல்களுக்கான வாக்குகள் இன்னும் ஒன்றிரண்டில் குவியவில்லை. அதை ஒதுக்கி வைத்த பிறகும் ஓட்டை தெரிந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும். தெற்கு விஷயத்தில் நிற்கிறது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் 2012இல் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழ் போட்ட ஹிப் ஹாப் பட்டியலில் ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் பாடிய ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ ஐந்தாமிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டும் 1991ஐச் சேர்ந்ததுதான், பழைய பாட்டுதான்.

4. மூன்று சொற்களுக்கு அர்த்தம் முடிவு செய்யுங்கள்

‘சிறந்த’, ‘ஹிப் ஹாப்’, ‘பாடல்’. மூன்றுக்கும் ஆளுக்கொரு அர்த்தம் இருக்கும். முதலிலேயே பேசி முடிக்காவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு ‘நீ சொன்னது வேறு, நான் சொன்னது வேறு’ என்று முடியும்.

‘சிறந்த’ என்பதற்கு நாங்கள் மூன்று அளவுகோல் வைத்திருக்கிறோம்: பின்னால் வந்தவர்களின் வேலையை மாற்றியதா, இன்று முதல்முறை கேட்கிறவரையும் பிடித்து உட்காரவைக்கிறதா, இசைக்கு வெளியே மனிதர்களுக்கு எதற்காவது பயன்பட்டதா. ஒரு சுற்றுக்கு ஒரு அளவுகோல் மட்டும். நடுவில் தாவக் கூடாது. புதியவர்கள் செய்கிற மிகப் பொதுவான தவறு இந்தத் தாவல்தான். தங்கள் பாட்டு தோற்கும்போது அளவுகோலை மாற்றிவிடுவார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

‘ஹிப் ஹாப்’ என்பதன் எல்லைக்கு நல்ல சோதனை, ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’. தி கிளாஷ் என்ற ராக் குழுவின் பாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் (வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டு), பாதி ராப், பாதி பாட்டு. 2008இல் அமெரிக்காவில் அதிகம் ஓடும் பாடல்களின் வாராந்தரப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் நான்காமிடம் வரை போனது. ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், டி.ஐ., லில் வேய்ன் நால்வரும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டின் பீட்டே (பின்னால் ஓடும் தாளமும் இசையும்) அதிலிருந்து எடுத்ததுதான். நான் சேர்ப்பேன். நீங்கள் வேண்டாம் என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அதே காரணம் உங்கள் ஐந்தில் எதையாவது வெளியே தள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

‘பாடல்’ எது என்பது சுலபம்: ஆல்பத்தில் வந்ததா, ரீமிக்ஸா, எந்த வடிவம் என்று பெயரோடு எழுதிவிடுங்கள்.

5. மூன்று முறை கேளுங்கள்

‘எனக்குத்தான் மனப்பாடமாச்சே’ என்பவரையும் கேட்கவையுங்கள். நினைவில் இருக்கும் பாட்டும் ஒலிக்கிற பாட்டும் வேறு.

முதலில் சரியான வடிவம்தானா என்று பாருங்கள். ‘ஷுக் ஒன்ஸ்’ பாட்டுக்கு முதல் பாகம் தனியாக உண்டு. பட்டியலில் இருப்பது இரண்டாம் பாகம். சுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பன்னிரண்டு அங்குலத் தட்டில் 14 நிமிடத்துக்கு மேல் ஓடும்; சுருக்கிய வடிவத்தைக் கேட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. வானொலிக்காகச் சொற்களை வெட்டிய வடிவமும் வேண்டாம்.

முதல் முறை பீட்டை மட்டும் கவனியுங்கள், சொற்களை விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை குரலை: எங்கே மூச்சு விடுகிறார், தாளத்துக்குச் சற்றுப் பின்னால் பேசுகிறாரா, முன்னால் ஓடுகிறாரா. மூன்றாம் முறைதான் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். வரிகளை முதலிலேயே எடுத்தால் கண் படிக்கத் தொடங்கிவிடும், காது வேலையை நிறுத்திவிடும். நம்மைப் போல ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களுக்கு இது இன்னும் அதிகம். புரியாததை எல்லாம் தேடிக்கொண்டிருந்தால் ஃப்ளோ (தாளத்தோடு சொற்கள் ஓடும் விதம்) கைவிட்டுப் போகும்.

எதுகையும் மோனையும் இயைபும் பள்ளியில் படித்தவர்கள் நாம். அந்தப் படிப்பு இங்கே நேராக உதவும். ராப்பில் பெரும்பாலும் வரி முடிவில் வருகிற இயைபுதான். ஆனால் கெட்டிக்காரர்கள் அதை வரிக்கு நடுவிலும் வைப்பார்கள். ‘ஜூஸி’யில் வீட்டுக்காரர் அவமதித்ததையும் குளிருக்குச் சூடில்லாமல் இருந்ததையும் சொல்லும் இடத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் அதோடு இயைகிற சொற்களை வைத்திருப்பார். சிரித்துப் பேசுவது போலவே சொல்லிவிட்டுப் போவார். அத்தனை லேசாகச் சொல்வதில்தான் அவருடைய திறமை இருக்கிறது.

6. சாம்பிள் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், பாட்டைக் கேட்ட பிறகு

வரிசை முக்கியம். மூலத்தை முதலில் கேட்டால், பிறகு பாட்டில் திருட்டு மட்டுமே காதில் விழும்.

‘ஜூஸி’யின் பீட் எம்டூமே குழுவின் 1983 பாட்டான ‘ஜூஸி ஃப்ரூட்’. பெரிய மாற்றம் இல்லை; யாருக்கும் உடனே தெரியும். ‘ஷுக் ஒன்ஸ், பார்ட் 2’ இதற்கு நேர் எதிர். அந்த அச்சமூட்டும் மெட்டு எங்கிருந்து வந்தது என்று ரசிகர்கள் வருடக்கணக்காகத் தேடினார்கள். ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஜெசிகா’ என்ற பியானோ இசைத்துண்டு என்று கண்டுபிடித்தது 2011இல்தான். மாப் டீப்பில் பீட் அமைத்த ஹேவக் அதை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியிருந்தார்.

உடனே ‘அப்படியானால் ஹேவக் உழைத்தார், ஜூஸியில் உழைப்பில்லை’ என்று ஒருவர் சொல்வார். இங்கே நின்று நிதானமாகப் பேசுங்கள். ஏழையாக வளர்ந்த ஒருவன் தான் ஜெயித்த கதையைச் சொல்கிறான். கேட்கிற கறுப்பின மக்கள் எண்பதுகளில் வீட்டில் கேட்ட அதே பாட்டு பின்னால் ஓடுகிறது. அது அடையாளம் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் அந்தக் காலம் திரும்பி வரும். மாப் டீப் சொல்வது பயம். அங்கே எதுவும் பழக்கப்பட்டதாக ஒலிக்கக் கூடாது. சாம்பிள் எவ்வளவு மாறியது என்பதைவிட, பாட்டுக்கு அது என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

‘ஃபைட் தி பவர்’ இன்னொரு வகை. பாம்ப் ஸ்குவாட் என்ற புரொடியூசர் குழு துண்டு துண்டாக நிறைய ஒலிகளை அடுக்கியிருக்கிறது. 1989இல் அப்படிச் செய்ய முடிந்தது. 1991இல் ராப்பர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் அனுமதியில்லாத சாம்பிளுக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி வாங்குவது பெரிய செலவாகிவிட்டது. ‘ஜூஸி’யைப் போல 1994இல் ஒரே பாட்டிலிருந்து நீளமாக எடுப்பது கற்பனைக் குறைவு என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. யார் செய்தது என்று சரிபாருங்கள்

ஒரு நண்பர் ‘தி மெசேஜ்’ பாட்டுக்காக அரை மணி நேரம் அருமையாகப் பேசினார். குழுவின் டி.ஜே.யான ஃப்ளாஷ் டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) காட்டுகிற கைவண்ணம்தான் அவருடைய மையக் கருத்து. ஆனால் அந்தப் பதிவில் ஃப்ளாஷின் டர்ன்டேபிளே இல்லை. பெரும்பகுதி டியூக் பூட்டி என்ற ஸ்டுடியோ இசைக்கலைஞர் எழுதியது. ராப் செய்தவர்கள் அவரும் குழுவின் மெலி மெல்லும்தான். முழு வாதமும் அங்கேயே சரிந்தது, பாவம்.

‘ராப்பர்ஸ் டிலைட்’டிலும் இதே சிக்கல். சுகர்ஹில் கேங்கின் பிக் பேங்க் ஹேங்க் பாடிய வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற வேறொரு ராப்பருடையவை. காஸ் தன் பட்டப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வரிகூட அப்படியே இருக்கிறது, அவர் பெயர் மட்டும் தட்டில் இல்லை. ‘இந்தக் கலைஞரின் மேதைமை’ என்று வாயைத் திறக்குமுன் ஐந்து நிமிடம் செலவழித்து இதைப் பாருங்கள்.

8. இரண்டிரண்டாக வாதிடுங்கள், பிறகு பக்கம் மாறுங்கள்

பத்துப் பாடல்களை ஒரே நேரத்தில் பேச முடியாது. இரண்டை எடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், குறுக்கே பேசக் கூடாது. அப்புறம் பக்கம் மாறி, எதிராளியின் பாட்டுக்காக நீங்கள் பேசவேண்டும். மாறிப் பேசும்போது தடுமாறினால் அந்தப் பாட்டை நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. திரும்ப ஐந்தாம் படிக்குப் போங்கள்.

‘தி மெசேஜ்’ எதிர் ‘ஜூஸி’ என்று வையுங்கள். அளவுகோல், பின்னால் வந்தவர்களை மாற்றியதா என்பது. ‘தி மெசேஜ்’ பக்கம் பேசுபவர் சொல்லலாம்: 1982இல் பார்ட்டிப் பாடல்கள் ஓடிய இடத்தில் தாளத்தை மெதுவாக்கி, உடைந்த கண்ணாடி கிடக்கும் தெருவைக் காட்டியது, ராப்பில் சமூகத்தைப் பேசலாம் என்று கதவைத் திறந்தது. எதிர்ப்பக்கம் கேட்கலாம்: கடைசிப் பகுதி, குழந்தையாகப் பிறந்து சிறையில் முடிகிற வாழ்க்கை, 1979லேயே அதே குழுவின் ‘சூப்பர் ராப்பின்’ பாட்டில் வந்துவிட்டதே? நல்ல கேள்வி. பதிலும் உண்டு: அங்கே அது நீண்ட கொண்டாட்டத்துக்குள் புதைந்திருந்தது, இங்கே பாட்டே அதை நோக்கி நடக்கிறது. இப்படி, பதிவைத் தொட்டுக் காட்டிப் பேசினால் வாதம் வளரும்.

சில வாதங்களை நாங்கள் அனுமதிப்பதில்லை. ஹாட் 100இல் ‘ஜூஸி’ 27 வரைதான் போனது, ‘தி மெசேஜ்’ 62 வரை. விற்பனை எதையும் தீர்க்காது. ‘நாட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997இல் சுடப்பட்டு இறந்ததால் அனுதாபத்தில் முதலிடம்’ என்பதையும் விட்டுவிடுங்கள், 108 பேரின் மனதுக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது. ‘இது இல்லாவிட்டால் எதுவுமே வந்திருக்காது’ என்று ஒருவர் சொன்னால், இதிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு பிற்காலப் பாட்டைப் பெயர் சொல்லி ஒலிக்கவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு விதி வந்த பிறகு எங்கள் மாலைகள் எவ்வளவோ மாறின.

9. வேறு வருடத்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், முன்னால் பார்த்தால் எல்லாப் பட்டியலும் வீண் என்று தோன்றிவிடும்.

ரோலிங் ஸ்டோன் 2004இல் எல்லா வகை இசைக்கும் சேர்த்து 500 பாடல்கள் பட்டியல் போட்டது. அதில் ஹிப் ஹாப்புக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் ‘தி மெசேஜ்’ பெற்ற 51. ‘ஃபைட் தி பவர்’ 322இல் கிடந்தது. 2021இல் 250க்கு மேற்பட்டவர்களிடம் ஆளுக்கு 50 பாடல்கள் கேட்டுப் புதிதாக வாக்கெடுத்தார்கள். ‘ஃபைட் தி பவர்’ இரண்டாமிடம்! பதிவில் ஒரு நொடிகூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், வாக்குச்சீட்டு மாறியது, 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு நாடும் வேறாக இருந்தது.

கைக்குக் கிடைப்பதும் ஒரு காரணம். டி லா சோல் என்ற ராப் குழுவின் ஆரம்ப ஆல்பங்கள் சாம்பிள் உரிமைச் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கில் இல்லை. இணையத்தில் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அவர்கள் பெயராக மட்டுமே இருந்தார்கள். கேட்காத பாட்டுக்கு யார் வாக்களிப்பார்கள்?

10. மடித்து வைத்த தாளை எடுங்கள்

பழைய ஐந்துக்குப் பக்கத்தில் புதிய ஐந்தை எழுதுங்கள். எது மாறியதோ அதற்கு எதிரே எந்தப் படியில் மாறியது என்று குறியுங்கள். பழையதை அடிக்காதீர்கள், அடுத்த முறை வேண்டும். எதுவுமே மாறவில்லை என்றால் எட்டாம் படியில் பக்கம் மாறிப் பேசியதை இன்னொரு முறை செய்து பாருங்கள்.

என் முதல் தாளில் ‘மைண்ட் பிளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ’ இல்லை. மூன்றாம் படியில் எண்ணும்போதுதான் தெற்கு காலியாக இருப்பதைக் கண்டு அதைத் தேடிக் கேட்டேன். இப்போது இரண்டாமிடத்தில் இருக்கிறது, ‘ஜூஸி’க்கு ஒரு இடம் மேலே.